கேட்டவரில்லை, சொன்னவளில்லை

பசித்தால் புசிப்பது உயிரின் இயற்கை. புழுவுக்கும் அது பொருந்தும். புலிக்கும் அது பொருந்தும். மனித இனம் ஒன்றே பசி இருந்தும் உண்ணாதிருக்கக் கற்றது. கற்றதோடு நின்றதா? இல்லை! உண்ணாமையைப் புண்ணியம் என்று போற்றிற்று. அதிசயம் என்று வேடிக்கை பார்த்தது. அழகு என்று விலை பேசிற்று. இந்த மூன்று ஆட்டத்திலும் பணயமாக வைக்கப்பட்டது பெரும்பாலும் பெண்ணின் உடல்.

பணயத்தில் இழந்தது என்ன? சிலர் உயிரை இழந்தனர். பலர் உடல் நலத்தை இழந்தனர். இன்னும் ஒரு சாரார், எந்த மகவுக்காக ஏங்கினரோ அந்த மகவைப் பெறும் ஆற்றலையே இழந்து, மருத்துவமனை வாயிலில் வந்து நின்றனர். குருதி கொடுத்தனர், ஊசி ஏற்றனர், நாள் எண்ணினர், நம்பினர், நொந்தனர். ஆனால் அவர்களுள் பலர், உண்ண அஞ்சி வாழ்ந்த தம் வாழ்க்கையை மட்டும் மருத்துவரிடம் உரைக்கவில்லை. மருத்துவரும் அதனைக் கேட்கவில்லை. கேட்டவரில்லை, சொன்னவளில்லை! இந்த மௌனம் ஒரு நாளில் முளைத்ததன்று. அறுநூறு ஆண்டு வரலாறு அதற்கு உண்டு. அந்த வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

இத்தாலி நாட்டுச் சியன்னா நகரில், 14ஆம் நூற்றாண்டில், துணிக்குச் சாயம் தோய்ப்பவர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தாள் காதரின். அவளுடைய தமக்கை பிள்ளைப்பேற்றின்போது மாண்டாள். மாண்டவளின் கணவனுக்கே காதரினை மணம் முடிக்க வீட்டார் விரும்பினர். அவள் மறுத்தாள். கூந்தலைக் கத்தரித்தாள், உணவைக் குறைத்தாள், பின்னர் ஒதுக்கினாள், பிறர் வற்புறுத்தலால் விழுங்கியதையும் தொண்டையில் குச்சி விட்டு வெளியேற்றினாள். போப்பாண்டவருக்கே கடிதம் எழுதி அறிவுரை கூறும் அளவுக்குப் புகழ் பெற்ற அந்த மாது, 1380ஆம் ஆண்டு, 33ஆம் வயதில் மறைந்தாள். 1461ஆம் ஆண்டு அவளுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

1985இல் ருடால்ப் பெல் என்னும் வரலாற்றாசிரியர், காதரின் போன்றோரின் உண்ணாமை இக்கால உண்ணா நோயை ஒத்தது என்று எழுதினார். 1987இல் கரோலின் வாக்கர் பைனம் என்னும் அம்மையார், அப்படி அவசரப்பட்டு நோய்ப் பெயர் சூட்டலாகாது என்று மறுத்தார். நிலமும் பொருளும் அதிகாரமும் ஆடவர் வசம் இருந்த அந்நாளில், பெண்ணின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது உணவு ஒன்றே. ஆகவே அதனைக் கொண்டே அவள் தன் உள்ளத்தைப் பேசினாள் என்றார். எவர் கூற்றை ஏற்பினும் ஓர் உண்மை நிலைத்து நிற்கிறது: திருமணமும் பிள்ளைப்பேறும் கட்டளையாக வந்தபோது, வாயால் மறுக்க வழியற்ற ஒரு பெண் வயிற்றால் மறுத்தாள். அந்த மறுப்பை ஊரார் கேட்கவில்லை; வணங்கினர்!

மருத்துவ ஏடு பேசத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில். லண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் 1689இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில், 18 வயது மங்கை ஒருத்தியைப் பற்றி எழுதினார். 1684ஆம் ஆண்டு அவளுக்கு மாதவிலக்கு நின்றது, பசி அற்றது, இரவு பகலாகப் புத்தகமும் கையுமாக இருந்தாள், உடல் எலும்புக் கூடாயிற்று. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. காசநோய் என்று சொல்ல ஒரு குறியும் இல்லை. மருந்து உண்ண மறுத்தாள். மயங்கி விழுந்து மாண்டாள். கவலையே இந்நோயின் வேர் என்று மார்ட்டன் கருதினார். இங்கு நாம் குறித்துக் கொள்ள வேண்டியது ஒன்று: நோயின் முதல் வரியிலேயே மாதவிலக்கு நின்ற செய்தி இருக்கிறது. உணவுக்கும் கருப்பைக்கும் உள்ள உறவு அன்றே ஏட்டில் ஏறிவிட்டது. ஏறிய ஏட்டை எடுத்துப் படித்தவர் சிலரே!

படிக்காததன் விலையை வேல்சு நாட்டுச் சிறுமி ஒருத்தி செலுத்தினாள். சாரா ஜேக்கப் என்பது அவள் பெயர். உழவர் வீட்டுப் பெண். ஈராண்டுக்கு மேலாக அவள் உண்பதே இல்லை என்று பெற்றோர் கூறினர். அவ்வூர்ப் பாதிரியார் அதனை நம்பி ஏட்டுக்கு எழுதினார். கூட்டம் திரண்டது, காணிக்கை குவிந்தது. "உண்மையைச் சோதிப்போம்" என்று லண்டன் கைஸ் மருத்துவமனையிலிருந்து நான்கு தாதியர் வரவழைக்கப்பட்டனர். 1869ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் காவல் தொடங்கிற்று. யாரும் அறியாமல் அதுவரை அவளுக்குக் கிடைத்து வந்த கவளமும் அன்றோடு நின்றது. டிசம்பர் 17ஆம் நாள் அவள் இறந்தாள். வயது 12! படித்த மருத்துவர்களும் பயிற்சி பெற்ற தாதியரும் சுற்றி நிற்க, ஒரு குழந்தை பட்டினியால் துடித்து மடிந்தாள். பெற்றோர் சிறை சென்றனர். நம்பிய பாதிரியாரும், வேடிக்கை பார்த்த கூட்டமும், காவல் திட்டம் தீட்டிய கனவான்களும் வீடு சென்றனர்!

அதே கைஸ் மருத்துவமனையின் புகழ் பெற்ற மருத்துவர் வில்லியம் கல். அவர் 1873இல் லண்டன் மருத்துவர் அவையில் உரையாற்றி, மறு ஆண்டு அச்சிட்ட கட்டுரையில், இந்நோய்க்கு 'அனரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டார். அதே 1873இல் பாரிஸ் மருத்துவர் லாசேக், இதே நோயை வேறு பெயரால் விவரித்தார். இருவரும் கண்டவை ஒன்றே: குளிர்ந்த உடல், மெலிந்த நாடி, நின்றுபோன மாதவிலக்கு, ஆனால் உறுப்பில் எப்பழுதும் இல்லை. புண்ணியமும் அன்று, புதுமையும் அன்று, நோய்! நோய் என்று தெரிந்தால் மருந்து தேடலாம். கல் கொடுத்த மருந்து எளியது: வேளை தவறாத உணவு.

ஆயின் அறிவுப் பாதை நேராக ஓடுவதில்லை. 1914இல் ஹாம்பர்க் நகர மருத்துவர் சிம்மண்ட்ஸ், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அழிந்து ஒருவர் மாண்டதை வெளியிட்டார். அவ்வளவுதான்! மெலிந்த பெண்கள் யாவருக்கும் சுரப்பியே பழுது என்ற எண்ணம் பரவிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக, உண்ண அஞ்சிய பெண்கள் பலருக்குச் சுரப்பிச் சாறு ஊசியாக ஏற்றப்பட்டது. உள்ளத்தில் இருந்த நோய்க்கு உறுப்பில் மருந்து தேடிய முதல் காலம் அது. அது கடைசிக் காலமாக இருக்கவில்லை என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

போர் வந்தது. கொடுமைகள் நிறைந்த அப்போர், மருத்துவத்துக்கு ஒரு பாடத்தைக் கசப்போடு புகட்டிற்று. ஜெர்மானியப் படை லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டது, பட்டினி தாண்டவமாடிற்று, 1942ஆம் ஆண்டின் பிற்பாதியில் அந்நகரில் பிறப்பு வெகுவாக வீழ்ந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதியில் உணவு வரத்து அடைக்கப்பட்டது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 1000 கலோரிக்கும் குறைவாகவே பங்கீடு கிடைத்தது. பெண்கள் பலருக்கு மாதவிலக்கு நின்றது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புக் கணக்கில் பெரும் பள்ளம் விழுந்தது. உணவு திரும்பியது, பிறப்பும் திரும்பியது. அந்தப் பெண்கள் யாவரும் மனநோயாளரா? சுரப்பி அழிந்தவர்களா? இல்லை. பசித்தவர்கள்! பசித்த உடல், "இப்போது வேண்டாம்" என்று கருவறைக் கதவைச் சாத்திக் கொள்கிறது. அது பழுதன்று, பாதுகாப்பு.

அதே 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், ஆன்சல் கீஸ் என்னும் அறிவியலார், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களை, அவர்கள் இசைவுடன், அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். அனைவரும் ஆடவர், உடலும் உள்ளமும் திடமானவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டோர். ஆறு திங்களில் நடந்தது என்ன? எந்நேரமும் உணவைப் பற்றியே பேசினர், சமையல் நூல்களைச் சேர்த்தனர், உண்பதை நெடுநேரம் நீட்டினர், சோர்ந்தனர், சினந்தனர், காம விருப்பம் கரைந்து போயிற்று. உணவு திரும்பியபின் சிலர் அளவின்றி உண்டு தவித்தனர். "பெண் புத்தி", "பிடிவாதம்", "பேதைமை" என்றெல்லாம் ஏசப்பட்ட குணங்களுள் பல, பட்டினி எவருக்கும் தரும் குணங்களே என்பதை 1950இல் வெளிவந்த அவருடைய பெருநூல் எண்பித்தது. மீசை முளைத்த ஆடவருக்கும் அதே கதிதான்!

எப்படிக் கதவு சாத்தப்படுகிறது? அதனையும் அறிவியல் அடுத்தடுத்து விளக்கிற்று. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. அது ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணிக்கு ஒரு முறை, முரசறைவது போல, ஒரு ஹார்மோனைத் துடிப்பாக அனுப்புகிறது. அந்த முரசு கேட்டுப் பிட்யூட்டரி எழும். பிட்யூட்டரியின் ஆணை கேட்டுச் சினைப்பை முட்டையை முதிர்விக்கும். இந்த ஹார்மோனின் அமைப்பை 1971இல் வெளிக்கொணர்ந்த ஷாலி, கீய்மென் ஆகியோருக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. 1974இல் ரோஸ் பிரிஷ் என்னும் அம்மையார், உடலில் கொழுப்பின் சேமிப்பு ஓரளவுக்குக் கீழே இறங்கினால் மாதவிலக்கு நின்றுவிடும் என்றார். அவர் குறித்த அளவைப் பலர் மறுத்தனர். திசையை மறுப்பார் இல்லை. 1994இல் பிரீட்மன் ஆய்வுக்கூடம், கொழுப்புத் திசு தானே லெப்டின் என்னும் தூதினை மூளைக்கு அனுப்புவதைக் கண்டறிந்தது. சேமிப்பு குறைந்தால் தூது தளரும். தூது தளர்ந்தால் முரசு ஓயும். முரசு ஓய்ந்தால் முட்டை உறங்கும். ஒரு கருவைச் சுமந்து பெற ஏறத்தாழ 80,000 கலோரி தேவை என்று மதிப்பிட்டிருக்கின்றனர். களஞ்சியம் காலியாக இருக்கையில் விருந்துக்கு அழைப்பு அனுப்புவார் உண்டோ? உடல் அனுப்பவில்லை; அவ்வளவே!

ஆனால் இதே காலத்தில் வேறொரு ஆற்றலும் வளர்ந்தது. உறங்கும் முட்டையைத் தட்டி எழுப்பும் ஆற்றல்! மாதவிலக்கு முற்றிலும் நின்ற மூதாட்டியரின் சிறுநீரில், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் மிகுந்திருக்கிறது. இத்தாலியக் கன்னிமாடங்களின் முதிய துறவியரிடம் அந்நீரைத் திரட்டி மருந்து வடித்தனர். துறவியர் நீரால் தாய்மை! அந்த மருந்தின் துணையால் 1962இல் இஸ்ரேலில் குழந்தை பிறந்தது. 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில், எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகியோர் உழைப்பால், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. இவை மானிட அறிவின் மகத்தான வெற்றிகள். இவற்றால் கண்ணீர் துடைக்கப்பட்ட இல்லங்கள் எண்ணற்றவை. அதனை எவரும் மறுப்பதற்கில்லை.

எனினும், கதவை உடைக்கும் கருவி கையில் கிடைத்ததும், கதவு ஏன் சாத்தப்பட்டது என்று கேட்கும் பழக்கம் குறைந்தது. மூளை முரசறையாவிட்டால் என்ன, ஊசி அறையும்! உடல் "வேண்டாம்" என்றால் என்ன, மருந்து "வேண்டும்" என்னும்! எடை குன்றிய பெண்களுக்கு மருந்தால் முட்டையைத் தூண்டிப் பிள்ளை பெறச் செய்தால், எடை குறைந்த சிசு பிறக்கும் ஆபத்து மிகுதி என்று 1988இல் லண்டன் மருத்துவர் குழு ஒன்று எச்சரித்தது. உண்ணல் கோளாற்றிலிருந்து மீண்டு வரும் பெண்ணுக்கு இப்படித் தூண்டுவது தகுமா என்று 1990இல் சிட்னி மருத்துவர்கள் வெளிப்படையாக வினவினர். ஒழுங்காக உண்டு எடை கூடிய பெண்களுள் பெரும்பாலோர் மருந்தின்றியே கருவுற்றதை, பேட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1982இலேயே காட்டியிருந்தார்.

அந்த 1990ஆம் ஆண்டில்தான், கனடாவின் டொராண்டோ நகரில், டோனா ஸ்டுவர்ட் என்னும் மருத்துவ அம்மையாரும் தோழர்களும் ஓர் எளிய காரியம் செய்தனர். கேட்டனர்! கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வரிசையாக வந்த 66 பெண்களிடம், உணவு பற்றியும் உடல் பற்றியும் கேட்டனர். விடை என்ன? 11 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேருக்கு, உண்ணல் கோளாறு இருந்தது. மாதவிலக்கு நின்றோ தவறியோ வந்தவர்களை மட்டும் எடுத்தால், பாதிக்கு மேற்பட்டோருக்கு இருந்தது. இவர்களுள் ஒருவரேனும் தம் மகப்பேற்று மருத்துவரிடம் அதனைச் சொல்லியிருந்தாரா? ஒருவரும் இல்லை!

இருபது ஆண்டுகள் உருண்டன. 2010இல் அமெரிக்காவில் இதே கேள்வி 82 பெண்களிடம் கேட்கப்பட்டது. 17 பேருக்கு அப்போதோ முன்னரோ உண்ணல் கோளாறு இருந்தது தெரிந்தது. மருத்துவரிடம் சொன்னவர் எத்தனை பேர்? மீண்டும், ஒருவரும் இல்லை! எத்தனை எத்தனை கருவிகள் வந்துவிட்டன அந்த இருபது ஆண்டில்! முட்டையை அளக்கலாம், கருவை உறைய வைக்கலாம், ஒற்றை விந்தணுவை ஊசி முனையில் ஏந்தலாம். "அம்மா, நீ வயிறார உண்கிறாயா? உண்டபின் உள்ளம் என்ன சொல்கிறது?" என்று கேட்க மட்டும் ஒரு நாக்கு புரளவில்லை!

ஏன் சொல்லவில்லை அவள்? சொன்னால் சிகிச்சையை மறுத்துவிடுவரோ என்ற அச்சம். "உன்னால்தானே பிள்ளை இல்லை" என்று வீட்டார் விரல் நீட்டுவரோ என்ற நடுக்கம். தனக்கே அது நோய் என்று புலப்படாத மயக்கம். ஏன் கேட்கவில்லை அவர்? எலும்பு துருத்தினால்தான் நோய் என்ற பழைய எண்ணம். 1979இல் லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்த 'புலிமியா' நோயில், பெண் அளவின்றி உண்பாள். பின் வாந்தியெடுத்து வெளியேற்றுவாள். எடையோ இயல்பாகவே இருக்கும். கண்ணால் காண ஒன்றும் இராது. காதால் கேட்டால்தான் தெரியும்.

இங்கு ஒரு தவறான முடிவுக்கும் இடம் தரலாகாது. பிள்ளையில்லாத பெண்ணெல்லாம் உண்ண மறுத்தவள் என்று எவரேனும் கூறுவரேல், அது பழைய பழியின் புதிய பதிப்பு. மகப்பேறின்மைக்குக் காரணங்கள் பல. ஆணிடம் உள்ள காரணமும் அவற்றுள் பெரும் பங்கு. உண்ணா நோயுற்றவளுக்குப் பிள்ளையே பிறவாது என்பதும் பொய். நார்வே நாட்டில் பல்லாயிரம் தாய்மாரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், அந்நோயுற்ற கருவுற்றோருள் பாதிப்பேர் திட்டமிடாமலே கருவுற்றிருந்தனர். நோயற்றோருள் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மாதவிலக்கு வரவில்லை, ஆகவே கருத்தரிக்காது என்று நம்பியதன் விளைவே அது என ஆய்வாளர் கருதினர். மாதவிலக்கு நிற்பதே நோயின் கட்டாய அடையாளம் என்ற விதியையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் கையேட்டிலிருந்து நீக்கிவிட்டது.

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்ப்போம். மெலிந்தவளைக் கேளாமல் விட்ட மருத்துவம், பருத்தவளைக் கேளாமலே கண்டித்தது. இங்கிலாந்தின் பல பகுதிகளில், உடல் நிறைக் குறியீடு 30க்கு மேற்பட்ட பெண்ணுக்கு அரசுச் செலவில் சோதனைக்குழாய்ச் சிகிச்சை இல்லை. நியூசிலாந்தில் வரம்பு 32. "எடையைக் குறைத்து வா" என்று திருப்பி அனுப்புகின்றனர். வயதோ ஏறுகிறது, வாய்ப்போ இறங்குகிறது, துலாக்கோல் நீதிபதியாகிறது. அடக்க முடியாமல் உண்டு, பின் நாணித் தனிமையில் அழும் நோயுடையவளிடம், கேள்வி ஒன்றும் கேளாமல் "பட்டினி கிட" என்றால், நோயை அவிப்பதா அது? எண்ணெய் ஊற்றுவதன்றோ!

அந்தக் கட்டளையாவது பலன் தந்ததா? ஹாலந்தில் பருமனான 577 பெண்களை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். ஒரு பிரிவுக்கு முதலில் ஆறு திங்கள் எடைக் குறைப்பு. மறு பிரிவுக்கு உடனே சிகிச்சை. 2016இல் முடிவு வெளிவந்தது. நிறைமாதத்தில் இயல்பாக, ஒற்றையாக, நலமான குழந்தை பெற்றோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 27. காத்திராத பிரிவில் 35! 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்விலும், எடை குறைந்தது. நலமான பிறப்போ கூடவில்லை. உடற்பருமனால் கருவுற்ற காலத்தில் ஆபத்துகள் மிகுவது உண்மை. ஆனால் அவசரமாகக் குறைத்த எடை அந்த ஆபத்துக்கு மருந்தாகும் என்பதற்கு இச்சோதனைகள் சான்று தரவில்லை. சான்று இல்லாத கட்டளைக்கு மூடநம்பிக்கை என்பதல்லாமல் வேறென்ன பெயர்? வெள்ளை அங்கி அணிந்து வந்தால் மட்டும் அதற்கு விதிவிலக்கு உண்டோ?

நம்பிக்கை தரும் விடியல் கீற்றும் உண்டு. சினைப்பை நீர்க்கட்டி நோய்க்கு 2023இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டு நெறி, இந்நோயுடைய பெண்களிடையே உண்ணல் கோளாறு மிகுதி என்பதை எடுத்துரைத்து, எடையைக் காட்டி இழிவுபடுத்துவதை மருத்துவர் கைவிட வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. கேட்கும் காலம் தொடங்கியிருக்கிறது.

அறுநூறு ஆண்டு வரலாற்றில் நாம் கண்டது என்ன? உண்ணாத பெண்ணை ஒரு காலம் வணங்கிற்று. ஒரு காலம் காவல் வைத்துச் சோதித்தது. ஒரு காலம் ஊசியிட்டுத் தூண்டிற்று. ஒரு காலம் தராசில் ஏற்றித் தண்டித்தது. அவளோடு அமர்ந்து பேசியவர் சிலரே. மருந்து வேண்டாம் என்பதல்ல நம் வாதம். மருந்துக்கு முன் கேள்வி வேண்டும். கேள்விக்கு முன் மதிப்பு வேண்டும். உணவும் உள்ளமும் சீர்பட்ட பின் ஊசி தேவையாயின், இடட்டும்; தேவையற்றுப் போயின், அதனினும் நன்று.

நம் மொழியைச் சற்றே நினைத்துப் பாருங்கள், இளைஞர்களே! மணமாகி ஓராண்டு ஆவதற்குள், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று பெண்ணின் வயிற்றைப் பார்த்துக் கேட்கிறோம். இல்லையேல் 'மலடி' என்னும் சொல் தயாராக இருக்கிறது. 'மலடன்' என்னும் சொல் அகராதியில் உறங்குகிறது. வீட்டுக்கு வருவோரை எல்லாம் "சாப்பிட்டாயிற்றா?" என்று விசாரிக்கும் பண்பும் நம்மிடம் உண்டு. முதற் கேள்வியை விட்டுவிடுங்கள். அது கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. இரண்டாம் கேள்வியை மட்டும், சடங்காக அல்லாமல், விடை வரும்வரை காத்திருந்து கேளுங்கள். மனைவியிடம் கேளுங்கள், தங்கையிடம் கேளுங்கள். மருத்துவம் பயில்வோர் உங்களிடையே இருப்பின், நாளை உங்கள் முன் வந்து அமரும் பெண்ணிடம், மருந்துச் சீட்டை எடுக்கும் முன் கேளுங்கள். அவள் சொல்லத் தொடங்கினால், பழி கூறாது கேட்டிருங்கள்.